பதில்: அப்பாவுக்குத் தினம் 10,000 யூனிட் வைட்டமின் டி கொடுக்கலாமா?

வணக்கம். அப்பாவுக்குப் புராஸ்டேட் புற்றுநோய், க்ளீசன் 6 (புற்றுநோயின் தீவிரத்தைக் காட்டும் மதிப்பெண், இது குறைந்த தீவிரம்), இப்போதைக்குக் கண்காணிப்பு மட்டும் என்று எழுதியிருந்தீர்கள். வைட்டமின் டி இந்த நோயைக் கட்டுப்படுத்தும் என்று நண்பர் ஒருவர் சொன்னதை நம்பி 10,000 யூனிட் தொடங்க வேண்டாம்.

நண்பர் சொன்னது முழுக்கக் கட்டுக்கதை இல்லை. 1990ல் கேரி ஷ்வார்ட்ஸ், பார்பரா ஹல்கா என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், வைட்டமின் டி குறைபாடு இந்த நோய்க்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று எழுதினார்கள். அப்புறம் புராஸ்டேட் செல்களே இந்த வைட்டமினைக் கால்சிட்ரியால் என்ற ஹார்மோனாக மாற்றுகின்றன, அது செல் பெருக்கத்தைத் தணிக்கிறது என்பதெல்லாம் ஆய்வகத்தில் தெரியவந்தது. படிக்க அருமையான அறிவியல்தான்.

மனிதர்களிடம் கதை வேறு. வைட்டல் என்ற பெரிய அமெரிக்க வைட்டமின் டி ஆய்வில் 25,871 பேர் பங்கேற்றார்கள். தினம் 2,000 யூனிட் எடுத்தவர்களுக்கும் வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கும் ஐந்தாண்டுக்கு மேல் பார்த்தும், புராஸ்டேட் புற்றுநோய் வருவதில் உறுதியான வித்தியாசம் இல்லை. முற்றிய நோயில் கீமோவுடன் அதிக அளவு கால்சிட்ரியால் கொடுத்துப் பார்த்த அசென்ட்-2 என்ற ஆய்வை, கால்சிட்ரியால் எடுத்த பிரிவில் இறப்பு அதிகமானதால் 2007ல் நிறுத்தினார்கள். கீமோ அட்டவணையும் இரு பிரிவிலும் வேறு என்பதால் பழியை மருந்தின் மேல் மட்டும் போட முடியாது. ஆனாலும் எச்சரிக்கைதான்.

முதலில் இரத்தத்தில் 25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி (உடலில் இருக்கும் வைட்டமின் டி அளவு), கால்சியம், கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு) பாருங்கள். வைட்டமின் டி குறைவாக இருந்தால் எலும்புக்காகவே சரிசெய்ய வேண்டும். அளவை மருத்துவர் சொல்லட்டும். வைட்டமின் டி அளவுக்கு மீறிப் போய்க் கால்சியம் ஏறினால் தாகம், மலச்சிக்கல், அடிக்கடி சிறுநீர் வரும். கடைசியதைப் புராஸ்டேட் தொந்தரவு என்றே நினைத்து விட்டுவிடுவோம். பிஎஸ்ஏ (புராஸ்டேட்டைக் கண்காணிக்கும் இரத்தப் பரிசோதனை) தேதிகளை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.