பதினொரு மணிக்கு அந்தத் தெரு

அன்புள்ள ஐயா,

மெல்பர்ன் வாழ்க்கை பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். எங்களுக்கு ஆஸ்திரேலியாவின் 189 என்ற வகை நிரந்தர விசா வந்துவிட்டது. நான் மென்பொருள் துறையில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். மகனுக்கு ஒன்பது வயது, மகளுக்கு மூன்று. டிசம்பரில் கிளம்பலாம் என்று யோசனை. சிட்னியா மெல்பர்னா என்று முடிவு செய்ய முடியவில்லை. கல்லூரி நண்பர்கள் மூன்று பேர் மெல்பர்ன் புறநகரான டார்னீட் பக்கம் இருக்கிறார்கள். "நம்ம ஆட்கள் நிறைய, நாலு பெட்ரூம் வீடு கிடைக்கும், வந்துடு" என்கிறார்கள். இன்னொருவர், பையன் படிப்புக்காக மெல்பர்னிலேயே கிளென் வேவர்லி பள்ளி எல்லைக்குள் எப்படியாவது வீடு பிடிக்கச் சொல்கிறார். முதலில் நான் தனியாக வந்து வீடு பார்த்து, இரண்டு மாதம் கழித்துக் குடும்பத்தை அழைப்பதாகத் திட்டம். மனைவி கணித ஆசிரியை. அவர் வேலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மதுரையில் இருக்கும் அம்மாவையும் பிறகு அழைத்துக்கொள்வோம். எங்கே குடியேறுவது நல்லது? இங்கிருந்து என்னென்ன கொண்டுவர வேண்டும்?

ஜி., மதுரை

அன்புள்ள ஜி.,

சிட்னியா மெல்பர்னா என்றால், வேலை எங்கே கிடைக்கிறதோ அங்கே. சிட்னியில் வாடகை கூடுதல். ஆனால் வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில், டூங்காபி போன்ற இடங்களில் ரயிலடியை விட்டு வெளியே வந்ததும் கறிவேப்பிலை கிடைக்கும். இதற்கு மேல் ஊரைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. தெருவைப் பற்றி நிறைய இருக்கிறது, அதில் நான் அடிபட்டவன்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மனைவிக்கு ஒரு வரி, அம்மாவுக்கு ஒரு வரி, இரண்டிலும் ஒரு 'பிறகு'. 2013-இல் நானும் அச்சாக இப்படித்தான் வந்தேன். தனியாக வந்து, ஒரு சனிக்கிழமை மூன்று வீடு பார்த்து, டார்னீட்டில் ஒரு புதுக் குடியிருப்பு எஸ்டேட்டில் நாலு பெட்ரூம் வீட்டைப் பிடித்தேன். ஊருக்குப் போன் செய்து அறைகளை ஒவ்வொன்றாகக் காட்டினேன். பூஜைக்குத் தனி அறை என்றதும் என் மாமியார் கண் கலங்கினார்.

டார்னீட்டுக்கு அப்போது ரயில் கிடையாது. நிலையம் 2015 ஜூனில்தான் திறந்தது. நான் காலை ஏழு மணிக்குக் காரை எடுத்துக்கொண்டு ஹாப்பர்ஸ் கிராசிங் போய், அங்கே நிறுத்திவிட்டு ரயில் ஏறுவேன். எங்களுடைய ஒரே கார் நாள் முழுக்க ரயிலடியில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். வீட்டில் மனைவியும் இரண்டு வயதுப் பையனும். பால் வாங்க மூன்று கிலோமீட்டர். மனை போட்டு விற்றவர்கள் நட்டுவைத்த மரக்கன்றுகள் இடுப்பு உயரத்தில், ஆளுக்கு மூன்று குச்சி கட்டி நிற்கும்; நிழல் என்று ஒன்றும் இருக்காது. ஜனவரியில் வடக்கிலிருந்து காற்று அடித்தால் அடுப்பைத் திறந்த மாதிரி இருக்கும். தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு அந்தத் தூரம் யார் போவார்கள்?

தெருவில் எல்லா வீட்டிலும் ஆள் இருந்தார்கள், அதில் நாலைந்து நம் ஆட்கள்தான். ஆனால் காலை எட்டரைக்கு கராஜ் கதவுகள் மூடினால் சாயங்காலம் ஆறுக்குத்தான் திறக்கும். புதன்கிழமை குப்பை லாரி வரும். பையன் எட்டு மணியிலிருந்தே ஜன்னல் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நிற்பான். ஓட்டுநர் இவனைப் பார்த்துக் கையாட்டி ஹாரனை ஒரு தட்டு தட்டுவார். "வாரத்துல நம்ம வீட்டுக்குத் தவறாம வர்ற ஒரே விருந்தாளி அவர்தான்" என்று ஒரு நாள் ராத்திரி மனைவி சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். வாடகை ஒப்பந்தம் முடிந்த வாரமே கிளம்பிவிட்டோம்.

அடுத்த வீடு, மெல்பர்னிலேயே நோபிள் பார்க்கில் பழைய யூனிட் ஒன்று. இரண்டே பெட்ரூம், பூஜை சமையலறை அலமாரியில். ஆனால் ரயிலடிக்கு ஏழு நிமிட நடை. வழியிலேயே மருந்துக்கடை, டாக்டர், காய்கறிக் கடை. மனைவி அந்த வருடமே இரண்டு நிலையம் தள்ளி ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அடுத்த வருடம் அம்மா வந்தார். ஆங்கிலம் தெரியாது. மூன்றாம் நாளே தனியாகக் காய்கறிக் கடைக்குப் போய்விட்டார். கம்போடியக்காரம்மா ஒருவர் கடை. இருவருக்கும் பொதுவாக ஒரு வார்த்தைகூடக் கிடையாது. அம்மா பாகற்காயை முறித்துப் பார்ப்பார், அந்தம்மா கையைத் தட்டிவிடுவார், அப்புறம் உள்ளேயிருந்து வேறு பாகற்காய் எடுத்து வருவார். ஆறு மாதமும் இதே கூத்து. ஊருக்குத் திரும்பிய பிறகும் எங்களை விசாரிப்பதற்கு முன்னால் அந்தக் கடைக்காரம்மாவைத்தான் விசாரிப்பார்.

உங்கள் அம்மாவை 'அழைத்துக்கொள்வது' எப்படி என்றும் யோசித்துக்கொள்ளுங்கள். பெற்றோருக்கான சாதாரண நிரந்தர விசாவுக்கு வரிசை முப்பது ஆண்டுக்கு மேல் நீள்கிறது. பணம் கட்டி வரும் வகையிலும் ஒருவருக்கு நாற்பதாயிரம் டாலருக்கு மேல் ஆகும், அதற்கும் பல வருடக் காத்திருப்பு. ஆகவே பெரும்பாலான அம்மாக்கள் விசிட்டர் விசாவில் சில மாதங்களுக்கு வருகிறார்கள். அந்த மாதங்களில் பகல் பதினொரு மணிக்கு அவர் என்ன செய்வார்? வீடு பார்க்கப் போனால் அந்த நேரத்தில் வாசலில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். யாராவது நடந்து போகிறார்களா? பிள்ளைகளோடு யாராவது பூங்காவில் இருக்கிறார்களா?

டார்னீட்டைக் குறை சொல்வதாக நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். இன்று அது வேறு ஊர், நிலையமும் கடைகளும் வந்துவிட்டன. ரயிலடிக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு அமைந்தால் தாராளமாகப் போங்கள். முதல் மாதத்தில் பக்கத்தில் ஒரு தமிழ் வீடு இருப்பது பெரிய பலம். உள்ளூரில் வாடகைக்கு இருந்த சரித்திரம் இல்லாதவர்களுக்கு வீடு கிடைப்பது கஷ்டம், பரிந்து பேச ஒருவர் வேண்டும். அதற்குப் பிறகு நம் ஆட்கள் இருபது நிமிடக் கார் தூரத்தில் இருந்தால் போதும் என்பது என் கட்சி. கூடவே இருந்தால் வாராவாரம் யாராவது ஒரு குழந்தைக்குப் பிறந்தநாள்.

பள்ளி எல்லை விஷயம் உண்மைதான். அரசுப் பள்ளிகளில் அந்தந்த எல்லைக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு இடம் உறுதி, அதனால்தான் கிளென் வேவர்லியில் அந்த விலை. ஆனால் உங்கள் பையன் தொடக்கப் பள்ளியில் இருக்கிறான். ஏழாம் வகுப்புக்கு முன்னால் வீடு மாற உங்களுக்கு அவகாசம் இருக்கிறது. முதல் வீட்டை வாடகைக்குத்தான் எடுக்கப் போகிறீர்கள், அதற்கு இத்தனை கனம் ஏற்ற வேண்டாம். வாடகை என்றதும் ஒன்று: இங்கே வாரக் கணக்கு. 500 டாலர் என்று போட்டிருந்தால் நாலால் பெருக்கி 2,000 என்று பட்ஜெட் போடுவார்கள். மாதத்துக்கு 2,170 டாலருக்கு மேல் வரும்.

டிசம்பரையும் கொஞ்சம் யோசியுங்கள். கிறிஸ்துமஸுக்கு முன்பே அலுவலகங்கள் தூங்கிவிடும், ஜனவரி 26 தாண்டித்தான் ஆள் எடுப்பது சூடுபிடிக்கும். பள்ளியும் ஜனவரிக் கடைசியில்தான் தொடங்குகிறது. வேலைக்காக மட்டும் என்றால் டிசம்பர் வீண். ஆனால் குடும்பத்தோடு வந்தால் அதுவே ஆறு வாரம். மனைவியும் சேர்ந்து தெருத் தெருவாகப் பார்க்கலாம். தனியாக வரும் திட்டத்தை மாற்ற முடியுமா பாருங்கள். நான் தனியாகத் தேடியபோது என் அலுவலகத்துக்கு எத்தனை நிமிடம் என்று மட்டும்தான் பார்த்தேன்.

உங்கள் மனைவி வேலைக்கு 'பிறகு' என்பது சரிவராது. ஆசிரியர் பதிவு இங்கே மாநிலத்துக்கு மாநிலம் தனி. மெல்பர்ன் இருக்கும் விக்டோரியாவில் அதைச் செய்யும் அமைப்பு விஐடி (நம் வேலூர் விஐடி அல்ல), சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸில் நெசா. நாலு வருடப் படிப்பு, அதில் பி.எட். மாதிரி ஆசிரியப் பயிற்சி, ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் பேச்சுக்கும் கேட்பதற்கும் 8, எழுத்துக்கும் வாசிப்புக்கும் 7 என்று கேட்கிறார்கள். இதை மதுரையிலேயே தொடங்கலாம். கார் லைசென்ஸும் அப்படித்தான். நிரந்தர விசாக்காரர்கள் இந்திய லைசென்ஸில் விக்டோரியாவில் ஆறு மாதம்தான் ஓட்டலாம், பிறகு தேர்வு எழுதி, ஓட்டிக் காட்ட வேண்டும். அவருக்கு ஓட்டத் தெரியாதென்றால் இப்போதே பழகட்டும்.

என்ன கொண்டுவருவது என்று கேட்டிருந்தீர்கள். குக்கர், கிரைண்டர், புளி, அப்பளம் எதுவும் வேண்டாம், எல்லாம் இங்கே கிடைக்கிறது. மகளின் தடுப்பூசி அட்டை கைப்பையில் இருக்கட்டும், அதை இங்கே பதிவு செய்யாமல் கிண்டரில், அதாவது மழலையர் பள்ளியில், சேர்க்க முடியாது. மனைவியின் பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், பள்ளியில் வேலை பார்த்ததற்கான கடிதம், எல்லாம் அசலாக வேண்டும். அவருக்கு ஏதாவது கேட்க வேண்டுமென்றால் அவரையே எழுதச் சொல்லுங்கள். பதில் என் மனைவி போடுவாள்.