இறங்கினாரா, இறக்கினார்களா?

கேள்வி: பள்ளியில் தமிழ் எடுக்கிறேன். உவமை, உருவகம், தற்குறிப்பேற்றம் என்று நடத்தும்போது, "இதெல்லாம் கவிதைக்குத்தானே டீச்சர், மார்க்கைத் தாண்டி இதில் என்ன இருக்கிறது?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். மொழி உத்திகள் இன்றைய வாசகரை உண்மையிலேயே ஏதாவது செய்கின்றனவா? செய்தித்தாளில் அலங்காரம் எதுவும் இல்லை. அது நேராகத்தானே விஷயத்தைச் சொல்கிறது?
– ஓர் ஆசிரியை, விருதுநகர்

பதில்: நிச்சயமாகச் செய்கின்றன. ஆனால் செய்தித்தாள் நேராகச் சொல்கிறது என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வாசகர் மனதை அதிகம் திருப்புகிற உத்திகள் அணியிலக்கணத்தில் இல்லை. சின்ன வகுப்பிலேயே நடத்தி முடித்துவிடுகிற தன்வினை, பிறவினை, செயப்பாட்டு வினைப் பாடத்தில் இருக்கின்றன.

"கழிவுநீர்த் தொட்டியில் இறங்கிய தொழிலாளி விஷவாயு தாக்கி பலி." நீங்களும் நானும் பல தடவை படித்த தலைப்பு இது. ஊர் மாறும், எண்ணிக்கை மாறும், வாக்கியம் மாறாது. இதில் யார் யார் என்னென்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். இறங்கியவர் தொழிலாளி. தாக்கியது வாயு. அவ்வளவுதான். அவரைக் கூப்பிட்டு அனுப்பியவர், கூலி பேசியவர், முகமூடியோ கயிறோ தராமல் மேலே நின்றவர், இவர்களில் ஒருவர்கூட வாக்கியத்துக்குள் வரவில்லை. 'இறங்கிய' என்ற தன்வினை, அந்த மனிதர் தானாகவே போய் இறங்கியதுபோல் காட்டுகிறது. 'இறக்கப்பட்ட' என்று எழுதினாலே போதும், "இறக்கியது யார்?" என்று படிப்பவர் கேட்டுவிடுவார்.

படிப்பவரிடம் இது உண்டாக்கும் விளைவு "ஐயோ பாவம்" என்பதோடு நின்றுவிடுகிறது. வாயு தாக்கியது என்றால் யார் மேல் கோபப்படுவது? இடி விழுந்து இறந்தவருக்கு இரங்குவதுபோல இரங்கிவிட்டுப் பக்கத்தைப் புரட்டுகிறோம். அந்த வாயு ஹைட்ரஜன் சல்பைடாக இருந்தால், குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாமல் போகும். அதனால்தான் முதலில் மயங்கியவரைத் தூக்கப் போகிறவரும் விழுகிறார். "காப்பாற்றச் சென்றவரும் பலி" என்று அதுவும் விதியின் கணக்கில் எழுதப்படுகிறது. தெரிந்தே ஆளை உள்ளே அனுப்புகிறார்கள் என்பது அந்தச் செய்தியில் எங்கும் வராது.

இது என் ஊகம் மட்டுமல்ல. கெய்ட்லின் ஃபாசி, லெரா போரோடிட்ஸ்கி என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் இதைச் சோதித்து 2010-ல் வெளியிட்டார்கள். 2004-ல் ஒரு விளையாட்டு இறுதிப்போட்டியின் இடைவேளை நிகழ்ச்சியில், ஒரு பாடகர் கை பட்டு உடன் ஆடிய பாடகியின் உடை கிழிந்தது. அது தொலைக்காட்சியில் நேரலையாகப் போய்ப் பெரிய சர்ச்சையானது. ஆய்வில் ஒரு குழுவுக்கு 'உடையைக் கிழித்தார்' என்ற வாசகமும், மற்றக் குழுவுக்கு 'உடை கிழிந்தது' என்ற வாசகமும் தரப்பட்டன. முதல் வாசகத்தைப் படித்தவர்கள், மற்றவர்களைவிடப் பாதிக்கும் மேல் கூடுதலான அபராதத்தை அந்தப் பாடகருக்கு விதித்தார்கள். வீடியோவைக் கண்ணால் பார்த்தவர்களிடமும் இந்த வேறுபாடு இருந்தது. கிழிந்தது, கிழித்தார்: உங்கள் தன்வினை–பிறவினைப் பாடத்தின் எடுத்துக்காட்டேதான்.

அப்புறம், 'ஆல்' உருபைப் பாருங்கள். வகுப்பில் "தச்சன் நாற்காலி செய்தான்" என்பதை "நாற்காலி தச்சனால் செய்யப்பட்டது" என்று மாற்றச் சொல்கிறோம். வாக்கியம் புரண்டாலும் தச்சன் காணாமல் போவதில்லை. செய்தியில் அந்தத் தச்சனை எடுத்துவிடுகிறார்கள். "குடிசைகள் அகற்றப்பட்டன." "தடியடி நடத்தப்பட்டது." "கூறப்படுகிறது." யாரால்? பதில் இல்லை. சில நேரம் 'ஆல்' இருக்கும், ஆனால் அது வேறு எதன் மேலாவது ஏறியிருக்கும். 2019 டிசம்பர் 2 அதிகாலையில் மேட்டுப்பாளையம் நடூரில், ஒரு தனியார் வீட்டின் உயரமான சுற்றுச்சுவர் பக்கத்துத் தலித் குடியிருப்பின் மேல் விழுந்து 17 பேர் இறந்தார்கள். அதை "மழையால் சுவர் இடிந்து 17 பேர் பலி" என்று எழுதினால் அதில் பொய் எதுவும் இல்லை; மழை பெய்தது, சுவர் இடிந்தது. ஆனால் அவ்வளவு உயரத்துக்கு அந்தச் சுவரை எழுப்பியவர் அதில் இல்லை. ஆபத்து என்று முன்பே சொல்லிவந்ததாக அங்கே குடியிருந்தவர்கள் சொன்னதும் இல்லை. பொறுப்பு முழுவதும் மழையின் தலையில் விழுகிறது. மழை மேல் வழக்குப் போட முடியாது.

இதில் எனக்கு மிகவும் உறுத்துவது சட்டத்தின் வாசகம்தான். கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-வது பிரிவு, எந்தத் தனிநபரும், உள்ளாட்சி அமைப்பும், முகமையும், நேரடியாகவோ மறைமுகமாகவோ, சாக்கடையையோ கழிவுநீர்த் தொட்டியையோ ஆபத்தான முறையில் சுத்தம் செய்ய ஆளை ஈடுபடுத்தக் கூடாது என்கிறது. அந்த வாக்கியத்தில் எழுவாய் இருக்கிறது. அது ஈடுபடுத்துகிறவர். முதல் முறை மீறினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சாக்கடையில் இறப்பவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் உத்தரவிட்டது. சட்டம் முதல் ஆளாக நிறுத்துகிறவரை நம் தலைப்பு வெளியே தள்ளிவிடுகிறது.

நிருபர்கள் சொல்லும் காரணமும் எனக்குத் தெரியும். குற்றம் நிரூபணம் ஆகவில்லை, பெயர் போட்டால் வழக்கு வரும் என்பார்கள். சரி, பெயர் வேண்டாம். தீர்ப்பும் சொல்ல வேண்டாம். "தனியார் விடுதியின் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய ஒப்பந்ததாரர் அழைத்துவந்த தொழிலாளி, பாதுகாப்புக் கவசம் தரப்படாத நிலையில் உள்ளே இறக்கப்பட்டு உயிரிழந்தார் என்று போலீசார் தெரிவித்தனர்." விசாரணையில் அப்படித் தெரிந்தால் இப்படி எழுதுவதில் யாருக்கும் அவதூறு இல்லை. கொஞ்சம் நீளம்தான். தலைப்புக்கு "கவசமின்றி இறக்கப்பட்ட தொழிலாளி சாவு" போதும்.

செய்தவரை மறைக்கும் இதே செய்திகளில் 'நெஞ்சை உலுக்கும்', 'பெரும் சோகத்தை ஏற்படுத்தியுள்ளது' போன்ற அடைமொழிகள் மட்டும் தாராளமாக இருக்கும். உத்தி என்றால் பலர் இந்தச் சொற்களைத்தான் சந்தேகிக்கிறார்கள். இவை கண்ணை நனைப்பதோடு சரி. காணாமல் போன எழுவாய்தான் நம் கேள்வியை எடுத்துக்கொண்டு போகிறது.

அணிகளைக் கைவிடச் சொல்லவில்லை. அவற்றையும் ஆசையாக நடத்துங்கள். கூடவே ஒரு வகுப்புக்கு அன்றைய செய்தித்தாளை எடுத்துப் போங்கள். விபத்து, விலை உயர்வு, இடிப்பு, சாவு பற்றிய செய்திகளில் வினைச்சொற்களை மட்டும் அடிக்கோடிடச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் செய்தது யார் என்று பக்கத்தில் எழுதட்டும். பெட்ரோல் விலை 'உயர்ந்தது' என்று இருந்தால், 'எண்ணெய் நிறுவனங்கள் உயர்த்தின' என்று எழுத அவர்களுக்கு வர வேண்டும். யார் என்று செய்தி முழுக்கத் தேடியும் கிடைக்காத வாக்கியங்களைத் தனியாக எடுத்து எங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். எந்தப் பத்திரிகையில் வந்தவையானாலும், எங்கள் பத்திரிகையில் வந்தவையே ஆனாலும், இதே பக்கத்தில் அச்சிடுகிறோம்.