தரவுக் கசிவை விசாரித்து அபராதம் விதிக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியம் போன்ற இடத்தில் மக்கள் தொடர்பு அலுவலருக்கு என்ன வேலை?

ராயபுரத்தில் இருந்து இதழியல் படிப்பவர் கேட்டிருக்கிறார்: பத்திரிகைக் குறிப்பு எழுதுவது மட்டும்தானா?

அது சின்னப் பகுதி. சட்டத்தைத் தெருவுக்குப் புரியவைப்பதில்தான் பாதி நாள் போய்விடும். நம் சொந்தத் தகவலைப் பயன்படுத்த ஒப்புதல் கொடுப்பது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்கிறது 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். இதை எம்.சி. ரோடு துணிக்கடையில் பில் போடும்போது போன் நம்பர் சொல்லும் அக்காவுக்கு இரண்டே வரியில் விளக்கிப் பாருங்கள், கஷ்டம் தெரியும். ஒப்புதல் கேட்கும்போது தரும் அறிவிப்பைத் தமிழிலும் படிக்க வாய்ப்பு தர வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. சரி, அது அரசாணைத் தமிழாக இருந்தால் யார் படிப்பார்கள்?

அப்புறம், வாயை அடக்கத் தெரிய வேண்டும். தரவு கசிந்தால் ‘250 கோடி அபராதமா?’ என்றுதான் நிருபர்கள் கேட்பார்கள். அது உச்சவரம்பு மட்டுமே. விசாரணை முடியும்வரை தொகையைப் பற்றிப் பேசக் கூடாது.