அந்த ஆட்டுக்கு ஏன் இவ்வளவு கம்பளி? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகளுக்கு நான்கு வயது. படப் புத்தகத்தில் உருண்டு திரண்டிருக்கும் வெள்ளை ஆட்டைக் காட்டி ‘இது என்னம்மா?’ என்கிறாள். எங்கள் தெருவில் தினமும் செம்மறி மந்தை போகிறது. ஆனால் அதுவும் இதுவும் ஒன்று என்று சொன்னால் நம்ப மறுக்கிறாள். நல்ல புத்தகத்தை எப்படிப் பார்த்து வாங்குவது?
– வாசகி, திருமங்கலம்

உங்கள் மகள் சொல்வதுதான் சரி. மதுரை, விருதுநகர், ராமநாதபுரம் பக்கத்துச் செம்மறிகளுக்குச் சுருள் கம்பளி கிடையாது. கீழக்கரிசல், வேம்பூர், ராமநாதபுரம் வெள்ளை எல்லாமே குட்டை முடி ஆடுகள். வேம்பூர் ஆட்டின் வெள்ளை உடம்பில் செம்பழுப்புத் திட்டுகள் இருக்கும். புத்தகத்தில் இருப்பது குளிர்நாட்டு ஆடு. படம் வரைந்தவர் வேறொரு படத்தைப் பார்த்து வரைந்திருக்கிறார், ஆட்டைப் பார்க்கவில்லை.

கடையில் புத்தகத்தைப் புரட்டும்போது இந்த மாதிரி இடங்களைக் கவனியுங்கள். செம்மறிக்கு வால் தொங்க வேண்டும், வெள்ளாட்டுக்கு மேல் நோக்கி நிமிர்ந்திருக்க வேண்டும். ஏர் உழும் நாட்டு மாட்டுக்குத் திமிலும் கழுத்துக்குக் கீழே அலைதாடியும் இல்லையென்றால் அது நம் மாடு இல்லை. குயில் ஜோடியில் இரண்டுமே கறுப்பாக இருந்தால் தவறு. ஆண்தான் கறுப்பு, பெண் பழுப்பில் வெள்ளைப் புள்ளி. தூக்கணாங்குருவிக் கூட்டில் பக்கவாட்டில் வட்டக் கதவு வரைந்திருப்பார்கள். உண்மையில் வழி கீழே தொங்கும் குழாய்க்குள் இருக்கிறது. கூடு கட்டுவதும் ஆண்தான். பாதி கட்டி நிறுத்தும், பெண் வந்து பார்த்து ஏற்றுக்கொண்ட பிறகே குழாயை இறக்கி முடிக்கும். இது தெரிந்த ஓவியரிடம் ஒரு பக்கத்துக்கு அல்ல, ஒரு முழுக் கதைக்கே சரக்கு இருக்கிறது.

இன்னொரு சோதனை: எழுத்தைக் கையால் மறைத்துக்கொண்டு படத்தை மட்டும் பாருங்கள். பிறகு படத்தை மறைத்து எழுத்தை மட்டும் படியுங்கள். இரண்டும் ஒரே விஷயத்தைச் சொன்னால் அந்தப் புத்தகம் சீக்கிரம் சலித்துவிடும். மாடு புல் தின்னும் படத்துக்குக் கீழே ‘மாடு புல் தின்கிறது’ என்று எழுதுவதால் யாருக்கு என்ன லாபம்? அதே படத்தில் மாட்டின் முதுகில் ஒரு கரிச்சான் குருவி உட்கார்ந்திருந்து, எழுத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லையென்றால், குழந்தை தானாகவே கண்டுபிடித்துச் சொல்லும். நான்கு வயதுக்குப் பக்கத்துக்கு ஒன்றிரண்டு வாக்கியம் போதும்.

கேள்வி: ஒன்றரை வயதுப் பையன் புத்தகத்தைக் கடிக்கிறான், கிழிக்கிறான். என்ன செய்வது?
– வாசகர், உசிலம்பட்டி

அந்த வயதுக்கு கெட்டி அட்டைப் புத்தகம்தான் சரி. முனைகள் வட்டமாக வெட்டியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கிழிந்ததை செலோடேப் போட்டு ஒட்டாதீர்கள். நாளாக ஆகப் பசை மஞ்சளாகி, பக்கத்துப் பக்கத்தையும் பிடித்துக்கொள்ளும். மெல்லிய வெள்ளைத்தாளை ஒரு விரல் அகலப் பட்டையாகக் கிழித்து (வெட்டினால் ஓரம் துருத்தும்), நீர்த்த மைதாப் பசையில் ஒட்டி, கனமான புத்தகத்துக்கு அடியில் ஓர் இரவு வையுங்கள். பைண்டிங் கடைகளில் பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பது உண்டு. அது விஷம். வாயில் வைக்கும் குழந்தையின் புத்தகத்துக்கு அந்தப் பசை கூடவே கூடாது.

கேள்வி: எங்கள் பள்ளி அரிட்டாபட்டி மலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து மலையின் உயிரினங்களைப் பற்றி ஒரு படப் புத்தகம் செய்ய ஆசை. அச்சகத்துக்குப் போகப் பணம் இல்லை.
– ஆசிரியை, மேலூர் வட்டம்

இதைவிட நல்ல களம் கிடைக்காது. 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. வல்லூறு, தேவாங்கு, எறும்புத்தின்னி, மலைப்பாம்பு எல்லாம் அங்கே உண்டு. ஆனால் பட்டியல் போடாதீர்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு பிராணி என்று வைத்தால் அது பாடப்புத்தகம் ஆகிவிடும். ஒரே உயிரை, ஓர் இரவை எடுத்துக்கொள்ளுங்கள். இருட்டியதும் எழும் தேவாங்கு விடியும்வரை எங்கெங்கே போகிறது, யாரையெல்லாம் பார்க்கிறது என்று போனால் மற்ற பிராணிகள் தாமாக வந்து சேரும். தேவாங்குக்கு நீண்ட வால் போட்டுவிடுவார்கள், கவனம். வெளியே தெரியும்படி அதற்கு வால் இல்லை. தாவவும் தாவாது, கிளையைப் பிடித்துப் பிடித்து மெதுவாக நகரும். எறும்புத்தின்னிக்குப் பல் வரைந்தாலும் திருத்துங்கள். அதன் குட்டி தாயின் வால் மேல் தொற்றிக்கொண்டு போகும், அதை வரையச் சொன்னால் பிள்ளைகள் விடமாட்டார்கள்.

செய்முறைக்கு வருவோம். நான்கு ஏ4 தாள்களை ஒன்றாக வைத்துக் குறுக்கே மடித்தால் 16 பக்கம். முதல் பக்கம் அட்டை, 2 காலி, 3-ல் தலைப்பும் பிள்ளைகளின் பெயர்களும், 16 பின்னட்டை. கதைக்கு 4 முதல் 15 வரை, அதாவது விரித்தால் ஆறு ஜோடிப் பக்கம். எல்லோரும் தடுமாறுவது பக்க வரிசையில்தான். ஒரு தாளின் ஒரே முகத்தில் வரும் இரண்டு எண்களையும் கூட்டினால் 17 வர வேண்டும்: 16-ம் 1-ம், 2-ம் 15-ம், 14-ம் 3-ம், இப்படியே. முதலில் வெற்றுத்தாளில் ஒரு டம்மி மடித்து எண் போட்டு, பிரித்து, அதைப் பார்த்து வரையத் தொடங்குங்கள். 8-ம் 9-ம் மட்டுமே தாளின் ஒரே முகத்தில் அடுத்தடுத்து வருபவை. மலை முழுவதையும் காட்டும் பெரிய படத்தை அங்கே வையுங்கள். மற்ற ஜோடிகளில் படம் நடுவில் பிசகும்.

மடிப்புப் பக்கம் ஒன்றரை செ.மீ. இடம் விடச் சொல்லுங்கள். இல்லையென்றால் வல்லூறின் மூக்கு தையலுக்குள் போய்விடும். ஸ்கெட்ச் பேனா மெல்லிய தாளில் பின்பக்கம் ஊறும், மெழுகுக் கிரேயான் எதிர்ப் பக்கத்தில் அப்பும். கலர் பென்சிலே நல்லது. பிரதி எடுப்பதென்றால் 100 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று தாளின் கனத்தைச் சொல்லும் கணக்கு) தாளில் எடுங்கள். சாதாரண 70 ஜிஎஸ்எம்மில் மறுபக்கப் படம் தெரியும்.

தைப்பதற்குச் சாதாரண ஸ்டேப்ளர் நடு மடிப்பை எட்டாது, எட்டினாலும் பின் துருப்பிடிக்கும். மடிப்பில் மூன்று துளை: நடுவில் ஒன்று, இரு முனையிலிருந்தும் 3 செ.மீ. தள்ளி ஒவ்வொன்று. கோணி ஊசி துளையைப் பெரிதாக்கிவிடும், போர்வை தைக்கும் ஊசி போதும். இரட்டை நூலாக அரை மீட்டருக்குச் சற்று அதிகம் எடுத்து, மெழுகுவர்த்தியில் உரசிக்கொள்ளுங்கள். உள்ளிருந்து நடுத்துளை வழியாக வெளியே, மேல் துளையில் உள்ளே, நடுவைத் தாண்டிக் கீழ்த் துளையில் வெளியே, மறுபடி நடுத்துளையில் உள்ளே. இரண்டு நுனியும் நீள நூலின் இரு பக்கமும் இருக்கும்படி வைத்து, அதன் மேல் முடிச்சுப் போடுங்கள். உள்தாள்கள் ஓரத்தில் கொஞ்சம் துருத்தும். தைத்த பிறகே வெட்டிச் சமன் செய்யுங்கள், முன்னால் வெட்டினால் வீண்.

கேள்வி: மாதம் நான்கு புத்தகம் வாங்கக் கட்டுப்படியாகவில்லை. இலவசமாக வழி உண்டா?
– வாசகர், வாடிப்பட்டி

மதுரையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போங்கள். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்ப் படக் கதைகளை இலவசமாகப் படிக்கலாம், இறக்கி அச்செடுக்கவும் அனுமதி உண்டு.

கேள்வி: கிடைமாடு பற்றி நானே எழுதி, வாட்டர்கலரில் வரைந்து 24 பக்கப் புத்தகம் தயார். சிவகாசியில் அச்சடிக்க நினைக்கிறேன். எதில் கவனமாக இருக்க வேண்டும்?
– வாசகி, மதுரை

நல்ல பொருள். புலிக்குளம் மாடுகளை ஊர் ஊராக ஓட்டிப்போய், உரத்துக்காக இரவில் வயலிலேயே தங்கவைத்துக் கிடை போடும் வாழ்க்கை படப் புத்தகங்களில் அதிகம் வரவில்லை. 24 என்பது நான்கால் வகுபடுகிறது, அதனால் சென்டர் பின் (நடு மடிப்பில் அடிக்கும் பின்) போடலாம்.

ஓவியத்தைச் செல்போனில் படமெடுத்துக் கொடுக்காதீர்கள். ஒரு மூலை வெளிச்சம், ஒரு மூலை நிழல் என்று வரும். அச்சில் வரப்போகும் அளவுக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) குறையாமல் ஸ்கேன் செய்யுங்கள். வெட்டு ஓரத்துக்கு நான்கு பக்கமும் 3 மி.மீ. கூடுதலாக நிறம் ஓட வேண்டும், இல்லையென்றால் கட்டிங்கில் வெள்ளைக் கோடு தெரியும். திரையில் பளபளக்கும் நாற்றுப் பச்சை, சிஎம்ஒய்கே என்னும் நான்கு நிற மை அச்சில் மங்கும். ஒரு பக்கத்தையாவது ப்ரூஃப் (மாதிரி அச்சு) அடித்துக் கையில் வாங்கிப் பார்த்த பிறகே மொத்தத்துக்கும் சம்மதம் சொல்லுங்கள். எழுத்துக்குக் கறுப்பு மை மட்டும். நான்கு நிறமும் கலந்த கறுப்பு துளி விலகினாலும் எழுத்து நிழல் தட்டும். ஆரம்ப வாசகர்களுக்கு எழுத்தின் அளவு 18 முதல் 20 பாயின்ட்.

உள்ளே 130 ஜிஎஸ்எம் ஆர்ட் பேப்பர், அட்டைக்கு 250 அல்லது 300 ஆர்ட் கார்டு, மேலே மேட் லேமினேஷன். ஆஃப்செட் அச்சில் பிளேட் (அச்சுத் தகடு) செலவு எத்தனை பிரதிக்கும் ஒன்றுதான். அதனால் நூறு பிரதிதான் வேண்டும் என்றால் டிஜிட்டலில் அடிப்பது மலிவு.

கோப்பைப் பிடிஎஃப் ஆக்கும்போது எழுத்துருவை உள்ளே பதித்தோ, எழுத்தை வடிவமாக மாற்றியோ கொடுங்கள். அச்சகக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் பிரிந்து நிற்கும். ‘கொ’, ‘போ’, ‘மௌ’ வரும் வரிகளை ப்ரூஃபில் விரல் வைத்துப் படியுங்கள்.