ஹாஸ்டல் வேண்டாம் என்கிறாள் மகள்

வணக்கம். உங்கள் கடிதத்தையும் அதோடு இணைத்திருந்த மகளின் இரண்டு பக்கங்களையும் படித்தேன். நாமக்கல் பக்கம் தங்கிப் படிக்கும் தனியார் பள்ளி ஒன்றில் பிளஸ் ஒன் சேர்க்கப் பேசி முடித்திருக்கிறீர்கள். பாப்பாவோ ஆறாம் வகுப்பிலிருந்து படித்த உள்ளூர் அரசுப் பள்ளியிலேயே தொடர்கிறேன், என் படிப்பை நானே பார்த்துக்கொள்கிறேன் என்கிறாள். சின்னப் பெண் பேச்சை நம்பி இரண்டு வருடத்தை அவள் கையில் விடலாமா என்பது உங்கள் கேள்வி.

விடலாம் என்றுதான் சொல்வேன். ஆனால் அவள் எழுதியதை அப்படியே ஒப்புக்கொண்டு இல்லை.

அவள் எழுதியதில் ஒரு இடத்தை நீங்கள் கவனித்தீர்களா தெரியவில்லை. பத்தாம் வகுப்பு முழுக்கக் காலையும் மாலையும் டியூஷன் போனதைச் சொல்லிவிட்டு, 'எனக்கு எது தெரியாது என்று யோசிக்கவே நேரம் இருக்கவில்லை' என்கிறாள். பதினைந்து வயதில் இதைக் கண்டுபிடித்த பெண்ணைச் சோம்பேறி என்று நினைக்காதீர்கள். சோம்பேறிகள் டியூஷனை விரும்புவார்கள்; யோசிக்கும் வேலையை இன்னொருவர் பார்த்துக்கொள்கிறாரே!

தங்கிப் படிக்கும் பள்ளிகளை நான் மொத்தமாகக் குறை சொல்ல மாட்டேன். அப்பா குடித்துவிட்டு வந்து சண்டை போடும் வீட்டுப் பிள்ளைகளுக்கு அவை உண்மையிலேயே அடைக்கலம். உங்கள் வீடு அப்படியில்லை. அந்தப் பள்ளிகளில் அடுத்த மணி நேரம் என்ன செய்வது என்பதை மணி அடித்துச் சொல்வார்கள். கல்லூரியில் அந்த மணி கிடையாது. பிளஸ் டூ கணக்கில் சதம் வாங்கிவிட்டு முதல் செமஸ்டர் கணக்கிலேயே அரியர் வைத்த பிள்ளைகள் என்னிடம் வருகிறார்கள். பாடம் கஷ்டம் என்பது பாதிக் காரணம்தான். தனக்குப் புரியவில்லை என்பதே தேர்வு வரும்வரை அவர்களுக்குத் தெரிவதில்லை.

சரி, மகள் கடிதத்தில் உள்ள ஓட்டைக்கு வருகிறேன். மார்க் குறைந்தால் என்ன செய்வேன் என்று அவள் ஒரு வரிகூட எழுதவில்லை. அதை எழுதித் தரச் சொல்லுங்கள். காலாண்டுத் தேர்வு வரைக்கும் இருவரும் ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம். அதுவரை நீங்கள் ஐந்து மணிக்கு எழுப்பக் கூடாது, 'படிச்சியா' என்று கேட்கக் கூடாது. அம்மாவிடமும் சொல்லிவையுங்கள். அவள் பக்கத்தில், ஒவ்வொரு பள்ளித் தேர்வுக்குப் பிறகும் தவறவிட்டவற்றைத் தனி நோட்டில் திரும்பப் போட வேண்டும். தெரியாததால் போனதா, அவசரத்தில் போனதா, நேரம் போதாமல் போனதா என்று ஓரத்தில் குறிக்க வேண்டும். பிளஸ் டூ கணக்கில் எழுத்துத் தேர்வு 90 மதிப்பெண்ணுக்கு, மீதி 10 அகமதிப்பீடு. அதில் ஒரு மதிப்பெண் வினாக்களே 20. அந்த மாதிரி வினாக்களில் குத்துமதிப்பாகப் போட்டது சரியாகிவிட்டாலும் அதையும் நோட்டில் ஏற்ற வேண்டும். இது யாரும் திருத்தாத நோட்டு, அவளாக நேர்மையாக எழுதினால்தான் பயன். சந்தேகத்தை வாத்தியாரிடம் அவளே போய்க் கேட்கட்டும், நீங்கள் போன் போட வேண்டாம்.

முதல் தேர்வில் மார்க் குறையும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு 'நான் அப்பவே சொன்னேன்ல' என்று ஆரம்பித்தால் ஒப்பந்தம் அங்கேயே செத்தது. நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். நோட்டே இல்லையென்றால் கோபப்படுங்கள், அது நியாயம்.

580 வாங்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். பொறியியல்தான் எண்ணம் என்றால் 600-க்கு எவ்வளவு என்பது நேரடிக் கணக்கில் வராது. கணக்கு 100, இயற்பியல் பாதியாக 50, வேதியியல் பாதியாக 50, ஆக மொத்தம் 200-க்குத்தான் கட்-ஆஃப். இதை வைத்து எந்தப் பாடத்துக்கு எத்தனை நேரம் என்று அவளே திட்டம் போடட்டும்.

இன்னொன்று. இது உங்கள் கடிதத்திலும் இல்லை, அவள் கடிதத்திலும் இல்லை. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும் பொறியியல் போன்ற படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் பொறியியல் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கும் இதே மாதிரி நிபந்தனை உண்டு. பிளஸ் ஒன்னில் தனியார் பள்ளிக்கு மாற்றினால் இந்த ஒதுக்கீடு கையை விட்டுப் போகும். பாப்பா இதைத் தேடிப் பார்த்து எழுதியிருந்தால் நீங்கள் எனக்குக் கடிதம் போடவே தேவை வந்திருக்காது. சுயமாக முடிவெடுக்கிறேன் என்பவள் இதையெல்லாம் விசாரித்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

அப்புறம் சான்றிதழ்கள். வருமானச் சான்றிதழ், வீட்டில் யாரும் பட்டம் வாங்கவில்லையென்றால் முதல் பட்டதாரி சான்றிதழ், இவற்றுக்கு இ-சேவை மையத்துக்கு அவளையும் கூட்டிப் போங்கள். விண்ணப்பத்தில் என்ன எழுத வேண்டும் என்று அவளே கேட்டு எழுதட்டும். ஆதாரில் இனிஷியல் ஒரு மாதிரி, மதிப்பெண் பட்டியலில் வேறு மாதிரி இருந்தால் இப்போதே கண்ணில் படும். இரண்டு வருடம் கழித்துக் கலந்தாய்வில் கல்லூரிகளை வரிசைப்படுத்தும்போது அந்த வரிசையில்தான் இடம் ஒதுக்குவார்கள். பிடிக்காததை மேலே போட்டுவிட்டு அது கிடைத்ததும் அழுது பயனில்லை. அந்த வேலையைப் பிரவுசிங் சென்டர்காரரிடம் கொடுத்துவிட்டு, தன் விண்ணப்பத்தின் பாஸ்வேர்டுகூடத் தெரியாமல் நிற்கும் பிள்ளைகளை வருடா வருடம் பார்க்கிறேன்.

போன் விஷயம் எழுதியிருந்தீர்கள். இரவு ஒரு நேரத்துக்கு மேல் ஹாலில் சார்ஜ் போட்டுவிட வேண்டும் என்று வையுங்கள். உங்கள் போனும் சேர்த்துத்தான்.

தனியார் பள்ளிக்கு முன்பணம் கட்டியிருந்தால் இந்த வாரமே போய்த் திருப்பிக் கேளுங்கள், வகுப்பு தொடங்கிவிட்டால் இழுத்தடிப்பார்கள். காலாண்டு விடைத்தாள்கள் கைக்கு வந்ததும் அடுத்த கடிதத்தைப் பாப்பாவையே எழுதச் சொல்லுங்கள்.