விரல் வலியும் பழைய கிட்டாரும்

கேள்வி: பெரிய கிட்டார் கலைஞர்கள் பலரும் சிறுவயதில் வாசித்த மட்டமான கிட்டாரைப் பற்றித்தான் நெகிழ்ந்து பேசுகிறார்கள். கஷ்டப்பட்டால்தான் கலை வரும் என்று இதிலிருந்தே தெரிகிறது. என் மகளுக்கும் பழைய கிட்டார் ஒன்றைத்தான் கொடுத்திருக்கிறேன். விரல் வலிக்கிறது என்கிறாள். பழகிவிடும்தானே?

பதில்: அந்த நினைவுகளில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். மீதியையும் கேளுங்கள்.

பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசனின் முதல் கிட்டார் எக்மண்ட் என்ற மலிவு ரகம். சிறுவன் திருகாணியைக் கழற்ற, கழுத்து தனியே வந்துவிட்டது. மாட்டத் தெரியாமல் அலமாரிக்குள் போட்டுவிட்டார். அண்ணன் பீட்டர் அதைச் சரிசெய்து கொடுத்தார். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் துடைப்பத்தைக் கிட்டாராக நினைத்து வாசித்த பையன். அப்புறம் ஒற்றைத் தந்தி மட்டும் இருந்த யுகுலேலே என்ற குட்டிக் கிட்டார் போன்ற வாத்தியம், பிறகு ஐந்து டாலர் கிட்டார். 1959இல் மின்சார கிட்டார் வாங்கிக் கொடுத்தவர் அப்பா. பிரையன் மே என்ற பையனுக்கு நல்ல கிட்டார் வாங்க வசதியில்லை. 1963இல் எலெக்ட்ரானிக்ஸ் பொறியாளரான அப்பாவும் மகனும் தாங்களே செய்ய உட்கார்ந்தார்கள். பழைய கணப்படுப்பின் மரச்சட்டம் கழுத்தானது, மோட்டார் சைக்கிள் வால்வு ஸ்பிரிங் உள்ளே போனது. சுமார் இரண்டு வருட வேலை. பின்னாளில் குயின் ராக் குழுவில் அவர் கையில் ஒலித்த கிட்டார் அதுதான்.

மட்டமான கிட்டாரோடு யாரும் அப்படியே விடப்படவில்லை. ஒருவர் கைகொடுத்திருக்கிறார். உங்கள் வீட்டில் அது நீங்கள்தான்.

புதிதாகக் கற்பவருக்கு விரல்நுனி எரிவது இயல்பு. தோல் காய்த்ததும் போய்விடும். கம்பி ஃப்ரெட்டிலிருந்து, அதாவது கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டையிலிருந்து, எழும்பி நிற்பதால் வரும் வலி பழகிப் போகாது. எஃகுக் கம்பி கிட்டார் என்றால், பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கும் தடித்த கம்பிக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். இரண்டரை மில்லிமீட்டர் சரி. நான்கைத் தாண்டினால் பெரியவர் கையே திணறும். வலியைவிட எனக்குக் கவலை தருவது காது. உயர நிற்கும் கம்பியை அமுக்கும்போது அது கூடுதலாக இழுபட்டு சுருதி ஏறிவிடும். அவள் விரல் சரியான இடத்தில்தான் இருக்கும், ஒலி மட்டும் பிசகும். தனக்கு சுருதி ஞானமே இல்லை என்று அந்தப் பெண் முடிவுகட்டிவிடுவாள். அப்படிக் கிட்டாரைக் கீழே வைத்த பிள்ளைகளை யாரும் பேட்டி எடுப்பதில்லை.

ஆகவே கிட்டார் பழுதுபார்ப்பவரிடம் எடுத்துப் போங்கள். கழுத்தின் வளைவைச் சரிசெய்து, பிரிட்ஜில், அதாவது உடல்பகுதியில் கம்பிகளைப் பிடித்திருக்கும் கட்டையில், கம்பி தாங்கும் பட்டையைத் தேய்த்து இறக்கி, மெல்லிய கம்பி மாட்டித் தருவார். நைலான் தந்திக்காகச் செய்த கிட்டாரில் எஃகுக் கம்பி மாட்டியிருந்தால் உடனே கழற்றுங்கள், இழுவிசை தாங்காமல் பிரிட்ஜே பெயர்ந்துவிடும். கழுத்து முறுக்கிக்கொண்டுவிட்டது என்று அவர் சொன்னால் அதற்குச் செலவழிக்காதீர்கள். வேறு கிட்டார் பாருங்கள், அவள் கைக்கு எட்டும் அளவில்.