டிஸ்சார்ஜ் புக்கில் மனைவி பெயர் தவறா? பேனாவைத் தொடாதீர்கள்

கேள்வி: ராணுவத்தின் மெட்ராஸ் இன்ஜினீயர் குரூப்பில் 1976 முதல் 1994 வரை பணியாற்றி, நாயக் பதவியில் ஓய்வு பெற்றேன். பணியிலிருந்து விடுவித்தபோது தந்த டிஸ்சார்ஜ் புக்கில் மனைவியின் பெயர் ‘செல்வி’, பிறந்த தேதி 1.7.1962 என்று இருக்கிறது. ஆதாரிலும் அவருடைய பள்ளி மாற்றுச் சான்றிதழிலும் ‘தமிழ்ச்செல்வி’, 12.3.1957. எனக்குப் பிறகு குடும்ப ஓய்வூதியத்தில் சிக்கல் வருமா? என் பிறந்த தேதியிலும் பள்ளிச் சான்றிதழோடு ஓராண்டு வித்தியாசம் உள்ளது. இரண்டையும் ஒரே மனுவில் திருத்தலாமா?

பதில்: சிக்கல் வரும். நீங்கள் இருக்கும்போதே சரிசெய்வது நல்லது. நீங்கள் கையெழுத்துப் போட்டால் முடிகிற வேலைக்கு, உங்களுக்குப் பிறகு அவர் தனியாக அலைந்து தாமே அந்த மனைவி என்று நிரூபிக்க வேண்டியிருக்கும். தேதியில் பணமும் இருக்கிறது. குடும்ப ஓய்வூதியம் பெறுபவருக்கு 80 வயது முடிந்தால் 20 சதவீதம் கூடுதல், 85இல் 30, 90இல் 40 என்று ஏறும். 1957 என்றால் அந்த உயர்வு 2037இல் கிடைக்கும். 1962 என்றே விட்டால் 2042 வரை காத்திருக்க வேண்டும்.

முதலில், தவறு எங்கே பிறந்தது என்று பாருங்கள். ஒரே விவரம் மூன்று இடங்களில் இருக்கிறது: படைப்பிரிவின் ஆவணங்களைப் பராமரிக்கும் ரெக்கார்ட் ஆபீஸில் உள்ள உங்கள் பணிப் பதிவேடான ஷீட் ரோல், உங்கள் கையில் உள்ள டிஸ்சார்ஜ் புக், ஓய்வூதிய ஆணையான பி.பி.ஓ. மூலம் ஷீட் ரோல்தான், மற்ற இரண்டும் அதைப் பார்த்து எழுதியவை. நீங்கள் திருமணத்தைத் தெரிவித்தபோது யூனிட் வெளியிட்ட பார்ட் டூ ஆர்டர், அதாவது இத்தகைய விவரங்களைப் பதிவு செய்யும் ஆணைதான், ஷீட் ரோலில் ஏறியிருக்கும். அங்கே ‘தமிழ்ச்செல்வி’ என்றே இருந்து, புத்தகத்தில் எழுதியவர் சுருக்கியிருந்தால் உங்கள் வேலை பாதியாகக் குறையும். ஜூலை 1 என்ற தேதியும் யோசிக்க வைக்கிறது. ஆண்டு மட்டும் தெரிந்தால் ஜூலை 1 என்று வைத்துக்கொள்வது அரசு அலுவலக வழக்கம். அன்றைக்கு யாரோ குத்துமதிப்பாக ஓர் ஆண்டைச் சொல்லியிருக்கலாம்.

இதைத் தெரிந்துகொள்ள பெங்களூருவில் உள்ள உங்கள் ரெக்கார்ட் ஆபீஸின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், அஞ்சல் ஆணையாக அனுப்பலாம். பதில் தர 30 நாள் கெடு. ‘என் ஆவணங்கள் வேண்டும்’ என்று பொதுவாகக் கேட்காதீர்கள். ஷீட் ரோலில் குடும்ப விவரம் உள்ள பக்கத்தின் நகல், திருமணம் பதிவான பார்ட் டூ ஆர்டரின் எண், தேதி, நகல் என்று குறிப்பாகக் கேளுங்கள். (இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: ரெக்கார்ட் ஆபீஸ் படைப்பிரிவைப் பொறுத்தது. மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், இ.எம்.இ. என்றால் செகந்திராபாத், சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், பீரங்கிப் படை என்றால் நாசிக் ரோடு. தவறான இடத்துக்கு அனுப்பிய மனு மாதக்கணக்கில் சுற்றும்.)

மூலத்திலேயே தவறு என்று தெரிந்தால் திருத்த மனு. டிஸ்சார்ஜ் புக்கில் நீங்களே அடித்து எழுதினால் அது திருத்தமாகாது. எழுதிய பக்கமே சந்தேகத்துக்குரியதாகிவிடும். ரெக்கார்ட் ஆபீஸ் புதிய பார்ட் டூ ஆர்டர் வெளியிட வேண்டும், அதை வைத்துப் பி.பி.ஓ.வுக்குத் திருத்த ஆணை, அதாவது கரிஜென்டம், வர வேண்டும். அதுதான் சரியான வரிசை.

மனு ஒரு பக்கம் போதும். ஆர்மி எண், ரேங்க், பெயர், சேர்ந்த தேதி, ஓய்வு தேதி, பி.பி.ஓ. எண், கைப்பேசி எண் மேலே. கீழே ஒரு சிறு கட்டம்: ‘இப்போது உள்ளது’, ‘இருக்க வேண்டியது’. ஆங்கில எழுத்துகளைப் பெரிய எழுத்தில், ஆதாரில் உள்ளபடி ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதுங்கள். நம் பெயர்களில் சறுக்குவது இங்கேதான். ‘ழ்’ ஓசைக்கு ஒருவர் ‘இசட் எச்’ போடுவார், இன்னொருவர் ‘எல்’ போடுவார். ஆதாரில் முன்னெழுத்து முன்னால் இருக்கும், பான் அட்டையில் அதையே விரித்துத் தந்தை பெயராக எழுதியிருப்பார்கள். ஆதாரும் பானும் தங்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை என்றால், முதலில் அவற்றை ஒன்றாக்குங்கள். ஆனால் ஆதாரில் பெயரை வாழ்நாளில் 2 முறையும் பிறந்த தேதியை ஒரு முறையும்தான் மாற்ற முடியும் என்பதை நினைவில் வைத்துச் செய்யுங்கள்.

அடுத்தது அஃபிடவிட், அதாவது உறுதிமொழிப் பத்திரம். மனுக்கள் அதிகம் திரும்பி வருவது இதில்தான். ‘என் மனைவி தன் பெயரைத் தமிழ்ச்செல்வி என மாற்றிக்கொண்டார்’ என்று தட்டச்சு செய்பவர் பழக்க தோஷத்தில் அடித்துவிடுவார். அது பெயர் மாற்றம், அதற்கு அரசிதழ் அறிவிப்பு கேட்பார்கள். உங்களுடையது பதிவுப் பிழை. ‘சேவை ஆவணத்தில் செல்வி என்று தவறாகப் பதிவாகியுள்ளது, செல்வி, தமிழ்ச்செல்வி என்ற இரு பெயரும் என் ஒரே மனைவியையே குறிக்கும், எனக்கு வேறு திருமணம் நடக்கவில்லை’ என்று தெளிவாக இருக்க வேண்டும். கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். ஒரு வீரருக்கு இரண்டு மனைவி பெயர் என்றால், ரெக்கார்ட் ஆபீஸுக்கு முதலில் தோன்றும் ஐயம் இரண்டாம் திருமணம்தான். அவர்கள் கடுமை காட்டுவதன் காரணமும் அதுவே. நோட்டரி கையெழுத்தை ஏற்காமல் முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் முன் உறுதிமொழி கேட்பதும் உண்டு, அதை முன்பே விசாரித்துவிடுங்கள்.

வழக்கமாக இரண்டு நாளிதழ்களில், ஒன்று ஆங்கிலம், ஒன்று தமிழ், விளம்பரமும் கேட்பார்கள். விளம்பரத்தை மட்டும் கத்தரித்து ஒட்டாதீர்கள். நாளிதழின் பெயரும் தேதியும் தெரியும் முழுப் பக்கத்தையும் வையுங்கள். அச்சில் ஓர் எழுத்து பிசகினாலும் மறுபடி பணம் கட்டிப் போட வேண்டும், ஆகவே அச்சுக்கு முன் படியைப் பார்த்துக் கொடுங்கள்.

தேதிக்கு மாற்றுச் சான்றிதழ் இருப்பது உங்களுக்கு நல்ல வசதி. ஆதார் மட்டுமே ஆதாரம் என்று வருபவர்கள்தான் திணறுவார்கள். பள்ளிக்கே போகாதவர் என்றால் பிறப்புச் சான்றிதழ் தேட வேண்டும். ஓராண்டு கடந்த பிறப்பை இப்போது பதிய, கோட்டாட்சியர் நிலை அதிகாரியின் ஆணை தேவை.

இவற்றோடு டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ. நகல்கள், இருவரும் சேர்ந்த புகைப்படம், மனைவியின் கையெழுத்து எல்லாம் சேர்த்து, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் உதவி இயக்குநரின் சான்றொப்பம் பெற்று, அவர்கள் மூலமாகவே அனுப்புங்கள். நேரடியாக அனுப்பினால் விரைவு அஞ்சல், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அசல் எதையும் அனுப்பக் கூடாது.

பார்ட் டூ ஆர்டர் நகல் வந்ததும் வேலை முடிந்தது என்று உட்கார்ந்துவிடாதீர்கள். பாதுகாப்புத் துறை ஓய்வூதியத்துக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தில் உங்கள் கணக்கைத் திறந்து, குடும்ப விவரத்தில் புதிய பெயரும் தேதியும் ஏறியுள்ளதா என்று பாருங்கள். முகவரி, கைப்பேசி எண்ணைப் போல இதை நாமே மாற்ற முடியாது, ரெக்கார்ட் ஆபீஸ் ஒப்புதல் தர வேண்டும். ஏறவில்லை என்றால் பார்ட் டூ ஆர்டரை இணைத்து அங்கேயே புகார் பதியுங்கள். முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். அட்டையையும் அதே நகலை வைத்து மாற்றிக்கொள்ளலாம்.

பதிலே வராவிட்டால் மத்திய அரசின் சி.பி.கிராம்ஸ் குறைதீர் தளம் உண்டு. நிராகரித்தால் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு. இறுதி ஆணை வந்த 6 மாதத்துக்குள் போக வேண்டும். மனுவுக்கு 6 மாதம் பதிலே இல்லை என்றால், அதற்கடுத்த 6 மாதத்துக்குள். விரைவு அஞ்சல் ரசீதைப் பத்திரப்படுத்தச் சொன்னது இதற்காகவும்தான்.

இனி உங்கள் பிறந்த தேதி. அதை இந்த மனுவில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். மனைவியின் தேதி குடும்ப விவரம். உங்களுடையது சேர்க்கையின்போது நீங்களே அறிவித்து, பணிக்காலம் முழுவதும் கணக்கிட அடிப்படையாக இருந்த தேதி. காலம் கடந்து வரும் இத்தகைய கோரிக்கைகளை ஏற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1993இலேயே சொல்லியிருக்கிறது, ஓய்வுக்குப் பிறகு என்றால் பேச்சே இல்லை. இரண்டையும் சேர்த்து எழுதினால், நடக்காததற்கான விளக்கக் கடிதங்களில் நடக்கக்கூடியதும் சிக்கிக்கொள்ளும். உங்கள் ஆதாரில் பள்ளிச் சான்றிதழ்த் தேதி இருந்து அதனால் ஸ்பர்ஷில் முரண்பாடு காட்டினால், ராணுவத் தேதிக்கு ஏற்ப ஆதாரை மாற்ற வழியுண்டா என்று ஆதார் சேவை மையத்தில் கேளுங்கள்.